விதி செய்பவரின் கடன்

ஆட்டத்தின் ஒழுங்கிற்கும் மனிதனின் ஊழிற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. இரண்டும் விதிதான். ஆடுகளத்தில் கால் வைப்பவன் அங்குள்ள விதிகளை இயற்றியவன் அல்லன். மண்ணில் பிறந்து விழுபவனும் அத்தகையவனே. பரமபதப் படத்தை விரித்து இரவெல்லாம் கண்விழித்து ஆடிய நம் ஊர்ப் பாட்டிமார் இந்த ஒற்றுமையை அறிந்தே ஆடியிருத்தல் வேண்டும். அப்படத்தில் ஏணி நல்வினை, பாம்பு தீவினை. ஆயினும் அதில் ஆடுபவர்க்குத் தெரிவு என்பது ஏதுமில்லை. தாயக்கட்டை விழுந்தபடி காய் நகர்கிறது. நன்மையைப் போற்றும் அப்படம், நன்மையைச் செய்யவோ தவிர்க்கவோ ஒரு வாய்ப்பையும் நமக்குத் தருவதில்லை. படம் ஒன்றைச் சொல்ல, விதி வேறொன்றைச் சொல்கிறது.

படத்தை விட விதியே உரக்கப் பேசும் என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1904-ஆம் ஆண்டில் எலிசபெத் மேகி என்னும் அமெரிக்கப் பெண்மணி 'நிலக்கிழாரின் ஆட்டம்' என்ற பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நிலம் சிலர் கையில் குவியும்போது குடியிருப்போர் எவ்வாறு நசுக்கப்படுகின்றனர் என்பதை உணர்த்துவதே அவர் நோக்கம். அதற்கென இருவகை விதிகளை வகுத்தார். ஒன்றில் ஒருவர் மற்ற அனைவரையும் ஓட்டாண்டியாக்கி வெல்வார். மற்றதில் ஒருவர் பெறும் ஆதாயம் எல்லாருக்கும் பகிரப்படும். காலப்போக்கில் முன்னதே பரவி, 'மொனாப்பொலி' என்னும் பெயர் பெற்று, 1935-இல் பெரிய நிறுவனமொன்றின் சரக்காயிற்று. மேகிக்குக் கிடைத்தது 500 டாலர். அதன் இந்திய வடிவங்களில் பம்பாயையும் சென்னையையும் விலைக்கு வாங்கி, சொந்தத் தங்கையை வாடகையால் கசக்கிப் பிழிந்து களித்தவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. ஆசிரியையின் நல்லெண்ணம் எங்கோ ஒதுங்கிவிட, விதி தன் வேலையைப் பார்த்தது.

ஆதலின் ஒரு வினா எழுகிறது. ஆட்டத்திற்கு விதி செய்பவர், அதனை ஆட வருபவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்?

கணினி விளையாட்டு என்றதும் நம் குடும்பங்களில் எழும் அச்சம் வீணானதன்று. இணையச் சீட்டாட்டத்தில் சம்பளத்தை இழந்தவர்களையும், அதனினும் பெரியதை இழந்த வீடுகளையும் தமிழகம் கண்டிருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும் அந்த வேதனையின் விளைவே. சிறுவரிடம் காசு வாங்கிக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத பரிசுப்பெட்டிகளை விற்கும் ஆட்டங்களைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018-இல் அறிவித்தது. மனிதரின் பலவீனத்தை நன்கு கற்று, அதன்மேல் விதியைக் கட்டியெழுப்பியவர்கள் இவற்றின் ஆசிரியர்கள். இவர்களைப்பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. கடன் என்ற சொல் இவர்களுக்கு வேறு பொருளில்தான் பழக்கம்.

நாம் பேச விரும்புவது வேறொரு கூட்டத்தாரைப் பற்றி. நூற்றுக்கணக்கானோரும் பல கோடி முதலீடும் இன்றி, ஒருவரோ இருவரோ ஓர் அறையில் அமர்ந்து படைக்கும் சுயேச்சை விளையாட்டுகள் இன்று ஏராளம். இளைஞர் இவற்றை 'இண்டி' என்பர். 2013 முதல் இயங்கிவரும் 'இட்ச்' போன்ற இணையக் கடைகளில் இவை குவிந்து கிடக்கின்றன. பல இலவசம், விலையிட்டவற்றிற்கும் அதனினும் மிகுதியாகக் கொடுக்க விரும்புவோர் கொடுக்கலாம். இங்கே தேடுவது பழைய புத்தகக் கடையில் குனிந்து தேடுவதைப் போன்றது. பத்தில் எட்டு, கையிலெடுத்த வேகத்திலேயே கீழே வைக்கத் தக்கவை. ஒன்பதாவது உங்களைச் சற்று நிறுத்தும். பத்தாவது சில நாள் உறக்கத்தைக் கெடுக்கும்.

அத்தகைய ஒன்று லூகாஸ் போப் என்பவர் பெரும்பாலும் தனியாகவே உழைத்து 2013-இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. 'தாள்களைக் காட்டுங்கள்' என்பது அதன் பொருள். ஆண்டு 1982. கற்பனையான ஒரு சர்வாதிகார நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் ஓர் ஆய்வாளர். வரிசையில் வருவோரின் கடவுச்சீட்டையும் அனுமதித் தாளையும் சரிபார்த்து, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ இட வேண்டும். சரியாக முடித்த ஒவ்வொருவருக்கும் 5 காசு கூலி. மாலையில் அதைக்கொண்டு வாடகை, உணவு, குளிருக்குக் கணப்பு, நோயுற்றவருக்கு மருந்து. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. நாளுக்கு நாள் சட்டம் சிக்கலாகும். பார்க்க வேண்டிய தாள்கள் பெருகும். பொழுதோ அதே பொழுது. ஒருநாள் ஒரு கணவர் வருகிறார்; அவர் தாள்கள் சரியாக உள்ளன. அடுத்து வருபவர் தம் மனைவி என்றும், அவரிடம் கனிவு காட்டும்படியும் கேட்டுவிட்டுச் செல்கிறார். அப்பெண்ணிடம் நுழைவு அனுமதி இல்லை.

இங்கே ஆசிரியர் ஒரு சொல்லும் போதிப்பதில்லை. ஆனால் ஒரு சிறு விதியை வைத்திருக்கிறார். நாளொன்றுக்கு முதல் இரண்டு பிழைகளுக்கு எச்சரிக்கை மட்டுமே. மூன்றாவதிலிருந்துதான் கூலியில் பிடித்தம். விளைவு என்ன? ஆடுபவர்கள் தம்மை அறியாமலே ஒரு கணக்கைத் தொடங்கிவிடுகின்றனர். இன்றைக்கு இரண்டு இரக்கங்கள் இலவசம். காலையிலேயே அவற்றைக் கவனக் குறைவால் இழந்துவிட்டால், மாலையில் கண்ணீரோடு நிற்பவரிடம் கொடுக்க நம்மிடம் ஒன்றும் மிஞ்சுவதில்லை. தீயவர்களாக ஆகி அவரைத் திருப்பி அனுப்புவதில்லை. கையிருப்புத் தீர்ந்துபோனதால் அனுப்புகிறோம். அலுவலகச் சாளரங்களின் வெளிப்புறத்தில் கால்கடுக்க நின்று பழகிய நமக்கு, உட்புறத்து நாற்காலியில் அமர்வது புதிய அனுபவம். நல்லவனாக இருப்பதற்கு ஆகும் செலவை யார் தாங்குவது என்ற கேள்வியை நூறு மறையுரைகளில் கேட்டும் உணராதவர், இந்த நாற்காலியில் அரைமணி நேரத்தில் உணர்ந்துவிடலாம். மறையுரை ஆற்றுவோர் எம்மீது வருத்தம் கொள்ளற்க. உரை கேட்பவர் நல்லவர் பக்கமே நின்று கேட்கிறார். ஆடுபவருக்கு அந்த வசதி இல்லை.

2015-இல் டோபி ஃபாக்ஸ் வெளியிட்ட 'அண்டர்டேல்' வேறுவகைப்பட்டது. பூமிக்கடியில் வாழும் வினோதப் பிறவிகளிடையே விழுந்துவிட்ட ஒரு குழந்தையின் கதை. எதிர்ப்படும் எவரையும் தாக்கலாம். எவரையும் கொல்லாமலே இறுதிவரை செல்லவும் வழியுண்டு. தொடக்கத்திலேயே தாயைப்போல் பேணும் ஒரு பாத்திரம் வருகிறது. பழைய ஆட்டங்களின் பழக்கத்தில் அவளைக் கொன்றுவிட்டு, மனம் வருந்தி, ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கி, இம்முறை காப்பாற்றி நிம்மதி கொள்பவர்கள் பலர். அப்போது அங்கு வரும் ஒரு மலர், முன்பு நீ செய்தது எனக்குத் தெரியும் என்று நகைக்கிறது. கணினி ஆட்டங்களில் மீண்டும் தொடங்குதல் என்பது எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று நம்பியிருந்த தலைமுறைக்கு இது பேரதிர்ச்சி. 2016-இல் உரோமையில் நடைபெற்ற ஒரு சந்திப்பில் இந்த ஆட்டத்தைத் திருத்தந்தை பிரான்சிசுக்கு ஓர் இளைஞர் பரிசாகவே அளித்தார். 2022 சனவரியில் பொது மறைக்கல்விக்கு வந்த சர்க்கஸ் கலைஞர்கள் இதன் இசையை ஒலிக்கவிட்டு வித்தை காட்டினர் என்பதும் இளையோர் சொல்லிச் சொல்லி மகிழும் செய்தி.

எனினும் இவ்வாட்டத்தில் எமக்கு ஒரு மனக்குறை உண்டு. அனைவரையும் கொன்று முடித்தவர் பின்னர் எத்துணை நல்லவராக ஆடினாலும் அதன் நிறைவுக் காட்சியில் பழைய கறை எட்டிப் பார்க்கிறது. நினைவு வைத்திருப்பது நேர்மைதான். ஆனால் நினைவு மட்டுமே இருந்து மன்னிப்பு இல்லாத உலகம், நீதியானது போல் தோன்றும் ஒரு கொடிய உலகம் அன்றோ? இதனை ஆசிரியர் அறிந்தே செய்திருக்கலாம். அவ்வாறாயினும், விதி செய்பவரின் கடனில் திரும்பி வருவதற்கு ஒரு வாயிலை விட்டுவைப்பதும் அடங்கும் என்றே கருதுகிறோம்.

இனி நாம் சொல்லப்போவது எளிதில் சொல்லத் தக்கதன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரையன் கிரீன், ஏமி கிரீன் என்னும் கிறிஸ்தவத் தம்பதியருக்கு 2009 சனவரி 12-இல் ஜோயல் பிறந்தான். முதல் பிறந்தநாளை ஒட்டி அவன் மூளையில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சில மாதங்களே என்றனர் மருத்துவர். அவன் மேலும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தான். ஒருநாள் இரவு மருத்துவமனையில், உடலில் நீர் வற்றிய நிலையில், குடித்த எதுவும் தங்காமல் அவன் அழுதுகொண்டே இருந்தான். தந்தை தூக்கினார், ஆட்டினார், நடந்தார், பழச்சாறு கொடுத்தார். ஒன்றும் பயன்படவில்லை. கணினி வல்லுநரான அவருக்கு அந்நேரத்தில் தோன்றியது இதுதான்: எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் நிகழாத ஓர் ஆட்டத்தினுள் இருக்கிறோம். இறுதியில் அவர் செபித்தார். குழந்தை உறங்கிற்று.

அந்த இரவிலிருந்து பிறந்தது 'தட் டிராகன், கேன்சர்'. நண்பர் ஜாஷ் லார்சனோடும் சிறு குழுவோடும் சேர்ந்து அதனைப் படைக்கத் தொடங்கியபோது ஜோயல் உயிரோடு இருந்தான். முடிவு என்னவென்று அறியாமலே பெற்றோர் அதனை எழுதி வந்தனர். 2014 மார்ச் 13-இல் அவன் இறந்தான். 2016 சனவரி 12-இல், அவனுடைய ஏழாவது பிறந்தநாளாக இருந்திருக்க வேண்டிய நாளில், ஆட்டம் வெளிவந்தது. அதில் அந்த இரவு அப்படியே இருக்கிறது. நீங்கள் தந்தையின் இடத்தில் நின்று ஒவ்வொன்றாக முயல்கிறீர்கள், அழுகை நிற்பதில்லை. மற்றோர் இடத்தில் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் சிறு வண்டியோட்டும் பந்தயம் ஒன்று களிப்போடு நடக்கிறது. பந்தயம் முடிந்ததும், வழியில் திரட்டிய பொருள்கள் உண்மையில் அப்பிஞ்சு உடலில் ஏற்றப்பட்ட மருந்துகள் என்று தெரியவருகிறது. இன்னோர் இடத்தில் மருத்துவமனை எங்கும் வாழ்த்து அட்டைகளும் ஓவியங்களும் நிரம்பியுள்ளன. அவை இவ்வாட்டத்திற்குப் பொருளுதவி செய்தோர், புற்றுநோயால் தாம் இழந்தவர்களை நினைந்து அனுப்பியவை. ஒரு குடும்பத்தின் துயரில் இடம்விட்டு, பிறர் துயருக்கும் நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

சாகும் குழந்தையை விளையாட்டாக்குவதா என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கலாகாது. வெற்றி, மதிப்பெண், பரிசு இவையே விளையாட்டு எனில், இது நிச்சயம் பழிக்கத் தக்கது. ஆனால் கிரீன் தம்பதியர் செய்தது அதற்கு நேர்மாறானது. வெல்லலாம் என்ற நம்பிக்கையோடு வருபவரிடமிருந்து வெற்றியை மட்டும் எடுத்துவிட்டு, உடனிருத்தலை விட்டுவைத்தார்கள். யோபுவின் நண்பர்கள் வந்து ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் அமர்ந்திருந்த வரையில் நல்ல நண்பர்களாக இருந்தனர். காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. ஆட்டத்தை ஆடுபவரும் ஏறத்தாழ அந்த ஏழு நாள்களில் இருக்கிறார். எதையும் மாற்ற இயலாது. எழுந்து போகவும் மனம் வராது.

வெளியான சில வாரங்களில் மற்றொரு சிக்கல் எழுந்தது. பிறர் ஆடுவதைப் பதிவுசெய்த காணொளிகளை இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். பார்த்தவர் பலர் ஆட்டத்தை வாங்கவில்லை. விற்பனையிலிருந்து படைத்தவர்கள் இன்னும் எதுவும் ஈட்டவில்லை என ரையன் 2016 மார்ச்சில் எழுத நேர்ந்தது. இதில் காசு மட்டும் சம்பந்தப்பட்டிருக்கவில்லை. அழும் குழந்தையைக் கையில் வைத்திருப்பதும், வைத்திருப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல. ஆட்டம் என்னும் கலைவடிவம் நம்மிடம் கேட்பது கண்ணை மட்டுமன்று, கையை.

துயரம் மட்டுமே இவ்வகை ஆட்டங்களின் பொருள் என எண்ணிவிட வேண்டாம். 2023-இல் தொரந்தோவிலிருந்து வெளிவந்த 'வெண்பா', கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் அடுப்படியில் நிகழ்கிறது. தாய் கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்தழிந்தும் போயிருக்கிறது. இட்லித் தட்டுகளை ஆவி ஏறும் வகையில் எப்படி அடுக்குவது என்பதை ஆடுபவரே ஊகித்தறிய வேண்டும். பிசகினால் தண்டனை இல்லை, மறுபடி முயலலாம். பாட்டியின் கைவிதி பேரன் தலைமுறைக்குப் பாதி புரியாத எழுத்தாக வந்து சேர்வதை இதைவிட மெல்லச் சொல்ல முடியாது. பிரித்தானியத் திரைக்கலை நிறுவனமான பாஃப்டா, 2024-இல் சிறந்த முதற்படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது. 'ஸ்டார்டியூ வேலி' என்னும் உழவர் ஆட்டத்தை எரிக் பரோன் நாலரை ஆண்டுகள் தனியே உழைத்து 2016-இல் முடித்த கதையும் பலருக்குத் தெரியும். ஓவியம், இசை, நிரல் யாவும் தாமே கற்றார். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு நாடக அரங்கில் பணியாற்றினார். அந்நாள்களில் குடும்பச் செலவைச் சுமந்த அவர் துணையின் பெயர் கதை சொல்வோர் நாவில் அரிதாகவே வருகிறது. தனியொருவர் சாதனைகளில் இது வழக்கம்தான்.

ஆடுவதோடு நில்லாமல், ஆக்கக் கற்கும் ஆவலும் இளையோரிடம் வளர்ந்துவருகிறது. அதற்கு இன்று பெருஞ்செல்வம் தேவையில்லை. கிறிஸ் கிளிமாஸ் 2009-இல் உருவாக்கிய 'ட்வைன்' என்னும் இலவசக் கருவியில், நிரல் எழுதத் தெரியாதவரும் கிளைவிடும் கதைகளைத் தமிழிலேயே எழுதலாம். 'பிட்சி' என்பதில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகளில் ஒரு மனிதரை வரைந்துவிட்டால் அவர் நடக்கத் தொடங்கிவிடுவார். வரம்பு குறுகக் குறுக, சொல்ல வேண்டியது எது என்று பொறுக்கும் அறிவு கூர்மை பெறும். வெண்பா யாப்பை அறிந்த இனத்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அண்மைப் பங்கு ஒன்றைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் இவ்வாறு ட்வைனில் ஓர் ஆட்டம் எழுதியதை நாம் அருகிருந்து காணும் வாய்ப்புப் பெற்றோம். எடுத்துக்கொண்ட பொருள் நல்ல சமாரியர் உவமை. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டு நிற்கலாம், விலகிப் போகலாம். விலகிப் போனால் திரை இருண்டு, நீ அயலான் அல்லன் எனக் கண்டித்து ஆட்டம் முடிந்துவிடும். தோழியர் அறுவரும் ஆடினர். அறுவரும் நொடியில் நின்று உதவினர். அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் தம்பி கொட்டாவி விட்டான். "இதுல விளையாட என்னக்கா இருக்கு? எதை அமுக்கணும்னு முன்னாடியே தெரியுதே" என்றான்.

உண்மைதான். தண்டனையைக் கண்டு உதவுபவரிடம் இரக்கம் இருக்கிறதா என்று எவரும் அறிய இயலாது. அவர் விதியை மாற்றினார். பயணி இப்போது நோயுற்ற தன் மகளுக்கு மருந்து எடுத்துச் செல்பவன். பொழுது சாய்வதற்குள் வீடு சேர வேண்டும். காயம் கட்டினால் கதிரவன் ஒருபடி இறங்கும். கழுதையில் ஏற்றினால் இன்னொரு படி. சத்திரம் தேடினால் இருட்டிவிடும். விலகிப் போனால் கண்டனம் கிடையாது. நேரத்தோடு வீடு சேரலாம். மகள் மருந்தை வாங்கிக்கொண்டு, "வழியில் யாரைப் பார்த்தீர்கள், அப்பா?" என்று கேட்பாள். அத்துடன் ஆட்டம் நின்றுவிடும்.

இவ்விரண்டாம் வடிவத்தை ஆடியபோது தோழியரின் விரல்கள் தயங்கின. இருவர் விலகிப் போயினர். ஒருத்தி அந்தக் கேள்வியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறர் ஆடும்போது பின்னால் அமர்ந்து, வாய் திறவாமல், குறிப்பும் காட்டாமல் பார்ப்பது ஆட்டம் படைப்போர் கைக்கொள்ளும் கடுமையான நோன்பு. அம்மாணவி துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். நில், திரும்பிப் பார் என்று சொல்ல நா துடித்ததை முகமே காட்டிற்று. சொன்னால் அந்தத் தெரிவு தோழியுடையதாக இராது. சொல்லாவிட்டால் அவள் தவறுவதைக் காண வேண்டும். தோட்டத்தில் ஒளிந்துகொண்ட ஆதாமை நோக்கி இறைவன் முதலில் எழுப்பியதும் ஒரு கேள்வியே என்பது அப்போது எம் நினைவுக்கு வந்தது. அக்கேள்விக்கு முன்பு அவர் காத்த மௌனத்தைப்பற்றி நாம் அதிகம் தியானிப்பதில்லை.

விளையாட்டில் மிகைபடுவது குற்றம் என்ற புனித தோமா அக்குவினார், விளையாட்டே அறியாது பிறர் மகிழ்ச்சிக்கும் இடையூறாக இருப்பதும் குற்றமே என்று எழுதி வைத்தார். அவர் இன்று இருந்து இத்தகைய ஆட்டத்தைக் காண நேர்ந்தால் என்ன சொல்வார் என ஊகிக்க முயலோம். ஆனால் அந்த மாலை அத்துடன் முடியவில்லை. கடைசியாக ஆடியவர் பங்கின் உபதேசியார், அறுபதைக் கடந்தவர், கணினியைத் தொட்டும் பழக்கமில்லாதவர். அடிபட்டவரையும் சாயும் கதிரவனையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மாணவியின் பக்கம் திரும்பி, "ஏம்மா, சற்று முன்னே ஒரு லேவியர் இதே வழியா விலகிப் போனாரே, அவர் இன்னும் வெகுதூரம் போயிருக்க மாட்டார். மருந்தை அவர்கிட்ட கொடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டு, நான் இங்க இருக்கலாமா?" என்று கேட்டார்.

அப்படியொரு வழி ஆட்டத்தில் இல்லை. மாணவி குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். இப்போது அந்தக் கிளையைத்தான் எழுதிவருகிறார். கூப்பிட்ட குரலுக்கு லேவியர் திரும்பிப் பார்ப்பார் என்பது வரை எழுதியாயிற்றாம். மருந்தை வாங்கிக்கொள்வாரா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லையாம்.